குடத்தில் கையிட்ட பாலன்

கரிகாற் சோழன் இளைஞனாய் அரியணை ஏறிய நாளில், வழக்கொன்றை முறையிட வந்த முதியோர் இருவர், நீதி வழங்க வேண்டியவன் இத்தனை சிறுவனா என்று தயங்கி நிற்க, அவர்கள் முகக்குறிப்பை அறிந்துகொண்ட மன்னன் உள்ளே சென்று நரைமுடி தரித்து, முதியோன் கோலத்தில் வந்தமர்ந்து, அவ்விருவரும் வியக்கும்படி தீர்ப்புரைத்தான் என்பது தமிழகத்தில் வழிவழியாக வழங்கிவரும் கதை. அரசனுடைய அறிவுக்கு அத்தாட்சியாகவே இக்கதையை நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் கேட்டேன். ஆயினும் வயதாக ஆக, இந்தக் கதையில் எனக்கு வேறொரு விஷயம் உறுத்தத் தொடங்கிவிட்டது. அறிவு இளைஞனிடம் இருந்தது. அதற்குச் செவி கிடைக்க நரைமயிர் வேண்டியிருந்தது. முடிசூடிய மன்னனுக்கே இந்த நிலை என்றால், ஊர்ப் பொதுவில் ஓர் ஓரமாக நின்று, ஏரிக்கரை உடைப்பைப் பற்றித் தனக்குத் தோன்றியதைச் சொல்ல நினைத்து, வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பிய எத்தனையோ பிள்ளைகளின் கதையை யார் எழுதிவைத்தார்கள்?

யாரும் எழுதிவைக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கதையாக இல்லாவிட்டாலும் விதியாக, கல்லிலே, ஓரிடத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே, வைகுண்டப்பெருமாள் கோயில் என்று இன்று வழங்கும் கட்டடத்தின் மண்டபத்து அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக எழுத்துகள் ஓடுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது ஊர் மகாசபை கூடிய மண்டபம். வேதியர் குடியிருப்பான சதுர்வேதிமங்கலமாகிய அவ்வூரின் சபையார், தங்கள் ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையை இரண்டு முறை வகுத்து, இரண்டையும் அங்கே வெட்டுவித்தார்கள். மதுரை கொண்ட கோப்பரகேசரி என்னும் முதற் பராந்தக சோழனுடைய 12ஆம் ஆட்சியாண்டாகிய 919இல் ஒன்று. 14ஆம் ஆண்டாகிய 921இல் மற்றொன்று. இவற்றை 1898ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையார் படியெடுக்க, வெங்கையா அவர்கள் ஆராய்ந்து வெளியிட, பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் முதலானோர் விரித்தெழுத, குடவோலை என்ற சொல் பள்ளிப் பாடப் புத்தகம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

பாடப் புத்தகத்தில் வந்ததாலேயே நாம் அதைப் படிக்காமல் விட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'பழந்தமிழர் தேர்தல் முறை' என்று ஒரு வரியில் பெருமை பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே தவிர, அந்த விதிகளை எழுதியவர்கள் எதற்கு அஞ்சினார்கள், யாரை நம்பினார்கள், இளமையை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று நின்று பார்ப்பதில்லை.

முதலில் வாரியம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று இன்று நாள்தோறும் நாம் சொல்லும் அதே சொல்தான் அங்கே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்று நிற்கிறது. ஆண்டு முழுவதும் பொதுக் காரியங்களை மேற்பார்ப்பது சம்வத்சர வாரியம். தோட்டந்துரவுகளைப் பார்ப்பது தோட்ட வாரியம். நீர்நிலைக்கு ஏரி வாரியம். புழங்கும் பொன்னின் தரத்தைச் சோதிப்பதற்குப் பொன் வாரியம். வைரமேக தடாகம் என்று பல்லவர் காலத்திலிருந்தே பெயர் பெற்ற பேரேரி ஒன்றை நம்பிப் பிழைத்த ஊர் அது. மதகு அடைபட்டால் வயல் காயும். கரை கரைந்தால் வீடு போகும். ஆகவே ஏரி வாரியத்தில் ஆறு பேர் இருப்பதென்பது வெறும் கௌரவ ஸ்தானம் அன்று.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பினரும் கூடி, தகுதி உடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் பொறித்த வாயோலையுடன் ஒரு கட்டாகக் கட்டிக் குடத்தில் இடவேண்டும். தகுதி என்று சொன்னேனே, அது எளிதில் கிட்டுவதன்று. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். மந்திர பிராமணம் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்க வல்லவனாயிருக்கவேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விரித்துரைக்க வல்லவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். பொருளிலும் மனத்திலும் தூய்மை வேண்டும், காரியத்தில் நிபுணனாயிருக்கவேண்டும், கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருக்கலாகாது. இவற்றோடு வயது. 919ஆம் ஆண்டு விதி, 30க்கு மேல் 60க்குள் என்றது. இரண்டே ஆண்டு கழித்து வந்த விதி, 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றியது.

இந்த ஐந்து வருஷத்தின் மேல்தான் என் மனம் நெடுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அரசாங்க அதிகாரி உடனிருக்க வகுத்த ஏற்பாட்டை, அது கல்லேறிய இரண்டாம் ஆண்டிலேயே திருத்தவேண்டி வந்ததன் காரணத்தைக் கல்வெட்டு வெளிப்படையாகக் கூறவில்லை. துஷ்டர் கெட்டுச் சிஷ்டர் தழைக்கவேண்டும் என்று மட்டும் நோக்கத்தை உரைக்கிறது. முப்பது வயதுக்காரர் யாரோ சிலர், முதலாண்டில் கிடைத்த அதிகாரத்தைத் தாறுமாறாகச் செலுத்தியிருக்கலாம்; அல்லது அறுபதைக் கடந்தும் உடலுரம் குன்றாத பெரியவர்கள், தம்மை வெளியே நிறுத்திய விதியைப் பொறுக்காமல் எல்லையை எழுபதுக்குத் தள்ளியபோது, கீழெல்லையும் சேர்ந்து ஏறியிருக்கலாம். எனக்கென்னவோ பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மேலே பத்து வருஷம் கூடிற்று. கீழே ஐந்து வருஷம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், சபையின் வயது ஒரே தாவலில் முதிர்ந்துவிட்டதென்பது விளங்கும். அக்காலத்து ஆயுளை நோக்க, முப்பத்தைந்து என்பது தலைப்பிள்ளைக்குக் கலியாணம் பேசும் வயது. அதுவரை ஒருவன் எத்தனை கற்றிருந்தும் அவன் பெயர் ஓலையில் ஏறாது.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால், இளைஞனைத் தள்ளிவைத்த ஊர் என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் கல்வெட்டு அங்கே நிற்கவில்லை. ஓலை எடுக்கும் நாளைப் பற்றிச் சொல்ல வருமிடத்தில், மகாசபையை 'ஸபால விருத்தம்' நிரம்பக் கூட்டவேண்டும் என்று விதிக்கிறது. பாலர் முதல் விருத்தர் ஈறாக என்பது அதன் பொருள். பெயர் எழுதப்பெறும் தகுதி முப்பத்தைந்து வயதுக்காரனுக்கே; எழுதிய பெயர் எடுக்கப்படும் இடத்திலோ, சிறுவனும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சபை நிரம்பியதாகாது. இந்த ஒரு சொற்றொடரைக் கண்டெடுத்த நாள்முதல், உத்திரமேரூரைப் பற்றி எனக்கிருந்த மதிப்பு வேறு விதமாகிவிட்டது.

அந்த நாளின் காட்சியை விதிகளே கண்முன் நிறுத்துகின்றன. ஊரில் அன்றைக்கு இருக்கும் கோயில் பூசகர்களாகிய நம்பிமார் ஒருவர் விடாமல் மகாசபையின் உள்மண்டபத்தில் அமரவேண்டும். அவர்களுள் மூத்த நம்பி ஒருவர் எழுந்து நின்று, கூடியுள்ள ஜனங்கள் அனைவரும் காணும்படி, குடத்தை மேலே தூக்கிப் பிடித்திருக்கவேண்டும். அருகே நிற்கிறான் ஒரு பாலன். குடத்துக்குள் என்ன இருக்கிறதென்ற அந்தரம் அறியாதவன். அவன் கையைவிட்டு ஒரு குடும்பின் கட்டை எடுப்பான். அந்த ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்குவார்கள். மறுபடியும் அவனே கையிட்டு ஓர் ஓலையை எடுத்து ஊர் மத்தியஸ்தனிடம் நீட்டுவான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்கவேண்டும் என்பதற்கும் விதி உண்டு: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருந்து மாற்றிவிடாமல் இருக்கவே இந்தக் காவல். வாங்கியவன் உரக்க வாசிப்பான். அவன் வாசித்தது போதாது. அதே ஓலையை மண்டபத்திலிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்கவேண்டும். அதற்குப் பிறகே அந்தப் பெயர் திட்டமாகும்.

குலுக்குவதற்கு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் காரியம் நடந்திருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கிழவர் எடுத்திருக்கலாம். ஊருக்குப் புதியவன் ஒருவனை நிறுத்தியிருக்கலாம். பாலனை ஏன் நிறுத்தினார்கள்? சூதறியாத கை என்பதால் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையே. என்றாலும், அந்தப் பையனுடைய இடத்திலிருந்து ஒரு கணம் பாருங்கள். ஏழெட்டு வயது. மண்டபம் நிறைய மனிதர்கள். தகப்பனார், பாட்டனார், தன்னை அதட்டும் வாத்தியார், எல்லோரும் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடத்தின் கழுத்து குறுகல். ஓலை நறுக்குகள் விரலில் உரசுகின்றன. ஒன்றை எடுத்து நீட்டுகிறான். ஒரு பெரிய மனிதன் தன் ஐந்து விரலையும் விரித்து, பிக்ஷை ஏற்பவன்போல, அதை வாங்கிக்கொள்கிறான். அன்று வீடு திரும்பிய அந்தப் பையனுக்கு, ஊர்க் காரியம் என்றால் என்ன என்று தனியே ஒருவர் உபதேசிக்க வேண்டியிருந்திருக்குமா?

இதற்கடுத்த ஒரு நுட்பம் பாடப் புத்தகங்களில் வருவதேயில்லை. முப்பது குடும்புக்கும் முப்பது பேர் எடுத்தபின், யார் எந்த வாரியத்துக்கு என்பதைப் பகுக்கும்போது, முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், ஞான விருத்தரையும், வயோ விருத்தரையும் தேர்ந்து, அவர்களில் 12 பேரைச் சம்வத்சர வாரியமாக்கினார்கள். எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். அதாவது, புதிதாக வந்தவன் முதலில் தோட்டத்துக்கும் ஏரிக்கும் போகவேண்டும். வரப்பு எங்கே சாய்கிறது, மதகில் எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று காலில் சேறுபடக் கற்றுக்கொண்டவனே, பின்னொரு காலத்தில் ஊரின் ஆண்டுக் காரியத்துக்கு ஆலோசனை சொல்லும் இடத்துக்கு ஏறலாம். 360 நாள் முடிந்ததும் இறங்கிவிடவேண்டும். மூன்றாண்டு கழியாமல் திரும்ப வரலாகாது. இதனால் சிலர் ஏகபோகமாக அமர்ந்துவிடுவது தடைபட்டதோடு, அடுத்த வரிசைக்கு ஆண்டுதோறும் முப்பது இடமும் காலியாயின. பதவியை விட்டிறங்கியவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். புதிதாய் ஏறியவன் அவனிடம் போய் யோசனை கேட்பான். மூத்தோர் அனுபவமும் இளையோர் உழைப்பும் ஒன்றையொன்று தேடி வரும்படியான ஏற்பாடு அது.

கணக்கைப் பற்றிய கண்டிப்பும் இளைஞரையே சென்று தொட்டது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயர் மட்டுமன்று, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மைத்துனன், மருமகன், மகன் என்று நீளும் உறவினர் பெயர் எதுவும் குடத்தில் புகாது. ஒருவன் குற்றத்துக்கு ஒரு குலத்தையே தண்டிப்பது நியாயமா என்று இன்றைக்கு நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த ஊரின் ஒரு வீட்டுக்குள் இவ்விதி என்ன செய்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். முப்பத்தைந்தை எட்டப்போகும் மருமகன், மாமனார் எதிரில் வந்து நின்று, 'மாமா, அந்த ஏரிக் கணக்கைச் சபையில் ஒப்பித்துவிடுங்கள்' என்று சொல்லியே தீரவேண்டிய நிலை ஏற்பட்டிருக்கும். வயதிலே இளையவன் முதியவனைக் கணக்குக் கேட்கும் உரிமையை, மரியாதைக் குறைவில்லாமல், வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிவைத்த விதி அது.

தெற்கே, திருநெல்வேலிச் சீமையில் மானூர்க் கோயிலிலும் ஒரு கல்வெட்டு உண்டு. உத்திரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. மாறஞ்சடையன் என்னும் பாண்டியனுடைய 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஊரில் பங்குடையாரின் மக்களுள், நல்லொழுக்கமும் மந்திர பிராமணமும் ஒரு தர்மமும் கற்றவன் சபையில் மன்றாடலாம் என்று அது சொல்கிறது. தகப்பன் பங்குக்காரனாக இருந்தால் மகன் கற்றவனாக இருக்கவேண்டும் என்பதே அங்கே முறை. இன்னொன்றும் சொல்கிறது. சபையில் எந்தக் காரியம் எடுத்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருப்பவர்க்கு ஐந்து காசு தண்டம். எதிர்த்துப் பேசியதற்குத் தண்டமன்று. எதையும் எதிர்ப்பதையே தொழிலாகக் கொண்டதற்குத் தண்டம். கூட்டங்களில் கொஞ்சம் பழகியவர்கள் எவரும் இந்த விதியைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடாமல் இரார்.

பழையதைப் புகழும்போது அதன் குறையை மறைப்பது நேர்மையன்று. உத்திரமேரூர்ச் சபை வேதியர் சபை. நிலமில்லாதவனுக்கு அதில் இடமில்லை; அந்த நிலத்தை உழுதவனுக்கும் இடமில்லை. விதிகள் வேதம் ஓதிய ஆடவனை நோக்கியே எழுதப்பட்டவை. ஊருக்குப் புறத்தே சேரியில் வாழ்ந்தவனுடைய பிள்ளை, அந்தக் குடத்தில் கையிட அழைக்கப்பட்டிருப்பானா என்று கேட்டால், நெஞ்சறிந்து இல்லையென்றே சொல்லவேண்டும். 'ஸபால விருத்தம்' என்ற சொல் எத்தனை அகலமானதோ அத்தனை குறுகியது அதைச் சூழ்ந்த சுவர்.

அதனால்தான் சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனத்தை வகுத்த நாட்களில் கிராமத்தைப் பற்றி அத்தனை கடுமையான வாக்குவாதம் எழுந்தது. 1948 நவம்பர் 4ஆம் நாள் சாசன சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமென்று சாடினார். அவர் அனுபவித்ததைச் சொன்னார். அதை மறுக்கும் யோக்கியதை நமக்கு இல்லை. அதே மாதம் 22ஆம் நாள், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க ராஜ்யம் நடவடிக்கை எடுக்கவேண்டுமென்ற திருத்தத்தைச் சபை உறுப்பினர் சந்தானம் கொண்டுவர, மற்றோர் உறுப்பினரான பிரகாசம் எழுந்து ஆதரித்துப் பேசுகையில் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் ஓலைகளையும் குடத்தையும் சபைக்கு நினைவூட்டினார். அன்று ஏற்றதே சாசனத்தின் 40ஆம் ஷரத்து. கல்லில் வெட்டிய விதி, ஆயிரம் ஆண்டு கழித்து, ஒரு தேசத்தின் சட்டத்துக்குள் ஒரு வரியாக வந்து அமர்ந்தது.

அதன்பின் வயதின் எல்லை படிப்படியாக இறங்கிற்று. சென்னை ராஜ்யத்தில் 1950லும் 1958லும் பஞ்சாயத்துச் சட்டங்கள் வந்தன. வாக்களிக்கும் வயது 21 என்றிருந்ததை, 61ஆம் திருத்தம் 18 ஆக்கி, 1989 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தத்தின்படி, மக்களவைக்கு நிற்க 25 வயதும் மாநிலங்களவைக்கு 30 வயதும் வேண்டியிருக்க, ஊராட்சிக்கு நிற்க 21 போதும் என்றாயிற்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்றும் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராமசபை என்ற ஒன்றைச் சட்டம் உண்டாக்கியிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் சபையன்று அது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், மனை வேண்டாம், பதினெட்டு நிறைந்தால் போதும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று இருந்த நாட்களோடு, தண்ணீர் தினமும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து, தமிழ்நாட்டில் இன்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வரவு செலவைக் கேட்கலாம். திட்டத்துக்கு ஒப்புதல் தரலாம், மறுக்கலாம். இது தவிர, பள்ளி மேலாண்மைக் குழு, ஊர்ச் சுகாதாரக் குழு, பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று பழைய வாரியங்களின் பேரப்பிள்ளைகளைப் போல எத்தனையோ குழுக்கள் ஒவ்வோர் ஊரிலும் காகிதத்தில் இருக்கின்றன.

காகிதத்தில் இருக்கின்றன என்று எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. முப்பத்தைந்து வயது ஆகாதவனை ஓலைக்கு வெளியே நிறுத்திய ஊர், அவனை மண்டபத்துக்குள் கட்டாயமாக அழைத்தது. நாமோ அவன் பெயரைப் பட்டியலில் ஏற்றிவிட்டோம். மண்டபத்துக்கு அழைக்க மறந்துவிட்டோம். கிராமசபை கூடும் நாளில் தண்டோரா போட்டால், 'பெரியவங்க போவாங்க' என்று பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். பிள்ளை போகிறேன் என்று எழுந்தால், 'உனக்கென்னடா அங்கே வேலை, படிக்கிற வழியைப் பார்' என்று தாய் தகப்பனே தடுக்கிறார்கள். குழு அமைக்கிறவர்கள், கையெழுத்துக்கு வீடு தேடி வருகிறார்களே தவிர, யோசனைக்கு ஆள் தேடுவதில்லை. இளைஞர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வது எளிது. அக்கறை என்பது இருந்து பார்த்தவனுக்கு வருவது. குடத்தில் கையிட்டவனுக்கு வருவது. முன்கூட்டி அதைக் கொண்டுவந்து காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்பது, நீந்தத் தெரிந்தபிறகு குளத்தில் இறங்கு என்பதைப் போன்றது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காந்தி ஜெயந்தியன்று, தொண்டை மண்டலத்துச் சிற்றூர் ஒன்றில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கிராமசபையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு பக்கமும் வயதானவர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரவு செலவைக் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனார். கூட்டத்தில் பாதிப் பேர் கேட்கவில்லை, கேட்டவர்களுக்குப் புரியவில்லை. தீர்மானத்தில் கையெழுத்து வாங்க நோட்டு கைமாறத் தொடங்கிய வேளையில், மரத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும், கல்லூரியில் முதலாண்டோ இரண்டாமாண்டோ படிப்பவளாம், குரல் கொஞ்சம் நடுங்க, "சார், ஏரி வண்டல் எடுத்த கணக்கை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க சார்" என்றாள்.

செயலர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் வாசிச்சாச்சும்மா" என்றார்.

"வாசிச்சீங்க சார். எத்தனை நாள் வேலை நடந்துச்சுன்னு காதுல விழலை."

முன்வரிசையிலிருந்து ஒருவர், "சின்னப் பொண்ணு, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று தொடங்கினார். அவள் முகம் சிவந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பிவிடுவாள் என்றே நான் நினைத்தேன். அப்போது, அதுவரை கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், அந்த ஊரில் நெடுங்காலம் நீர்க்கட்டியாக இருந்து மதகு திறந்து மூடியவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன், கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அது கேக்கறது சரிதாம்ப்பா. கீழ மதகுப் பக்கம் மண்வெட்டியே படலை. வாசி, கேப்போம்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அங்க ஏன் நிக்கற தாயி? இப்படி முன்னால வந்து உக்காரு" என்று தன் பக்கத்தில் ஜமுக்காளத்தைத் தட்டிக் காட்டினார்.

அவள் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். செயலர் பக்கத்தைத் திருப்பித் தேடினார். எழுத்து சின்னதாக இருந்ததோ, என்னவோ, சற்றுத் தடுமாறிவிட்டு, நோட்டை அப்படியே அவளிடம் நீட்டி, "நீயே வாசிம்மா" என்றார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, மடியில் விரித்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். ஆள் எத்தனை, நாள் எத்தனை, கூலி எவ்வளவு என்று ஒவ்வொன்றாக அவள் நிறுத்தி நிறுத்தி வாசிக்க, வேலைக்குப் போன பெண்கள் தங்களுக்குள் விரல்விட்டு எண்ணிப் பார்க்க, பள்ளிக்கூடத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த பொடிப் பையன்கள் இரண்டு பேர், என்ன நடக்கிறதென்று பார்க்க ஓடிவந்து, கிழவரின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றார்கள்.